ஒரு விளக்கு போதும்



பேசும்படி எனக்குத் தந்த பொருள், உருவப்படத்தில் ஒளியும் நிழலும். அதிலும் லோ-கீ என்று படக்காரர்கள் சொல்கிற வகை. படத்தில் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும். ஒரு கன்னத்து மேடு, ஒரு கண், மூக்கின் ஓரம், சில வேளை ஒரு கை. இவ்வளவுக்குத்தான் வெளிச்சம். மற்றதெல்லாம் நிழல்.

தலைப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்கலாம். மட்டக்களப்புக்கு வந்து இருட்டைப் பற்றிப் பேச வேணுமா? நாங்கள் பார்க்காத இருட்டா? நியாயமான கேள்வி. கரண்ட் இல்லாமல் குப்பி விளக்கில் படித்த தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. அவர்களிடமே நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த விளக்குக்குப் பக்கத்தில் இருந்து உங்களுக்குச் சோறு போட்ட தாயின் முகம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் தெரியாது. அந்த முகத்துக்கு என்ன குறை இருந்தது?

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம்முடைய முகங்களுக்கு, நம்முடைய நிறத்துக்கு, லோ-கீயைப் போல நியாயம் செய்கிற வெளிச்சம் வேறில்லை. அதை நாம்தான் ஸ்ரூடியோ வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எப்படி நிறுத்தினோம்? நம் ஊர் ஸ்ரூடியோ ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. உள்ளே போனால் ஒரு ஸ்டூல், பின்னால் சீலை, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் இரண்டு விளக்கு. "நேரே பாருங்க, நாடியைக் கொஞ்சம் இறக்குங்க." பளிச். முடிந்தது. இரண்டு விளக்கும் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். மூக்குக்கு நிழல் இல்லை, கன்னத்துக்குக் குழி இல்லை, நெற்றிக்கு வளைவு இல்லை. முகம் கடதாசியில் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கும்.

ஸ்ரூடியோக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்குச் சோறு போட்டது அந்தப் படம்தான். இந்த நாட்டில் 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தது. பிறகு கடவுச்சீட்டு, பரீட்சை விண்ணப்பம், வெளிநாட்டு வேலை. எல்லாவற்றுக்கும் படம் வேண்டும், முகம் முழுக்கத் தெளிவாகத் தெரிய வேண்டும். அடையாளம் காட்டுவதற்கு எடுக்கிற படத்துக்கு அந்த வெளிச்சம் சரி. சரியானது மட்டுமல்ல, அவசியமானது. ஆனால் கலியாணப் படத்துக்கும் அதே வெளிச்சம், அறுபதாம் வயதுப் படத்துக்கும் அதே வெளிச்சம், அம்மப்பாவைச் சுவரில் மாட்டுவதற்கும் அதே வெளிச்சம் என்று ஆனது எப்படி? அடையாள அட்டைக்கு எடுத்துப் பழகிய கை, எல்லாரையும் அடையாள அட்டைக்கே எடுக்கிறது. எனக்குச் சண்டை அதோடுதான்.

சரி, லோ-கீ என்றால் என்ன? முதலில் அது என்ன இல்லை என்று பார்ப்போம். அது வெளிச்சம் போதாமல் எடுத்த படம் இல்லை. வெளிச்சம் போதாத படத்தில் முகமும் மங்கும், பின்னணியும் மங்கும், எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகும். லோ-கீயில் வெளிச்சம் விழுகிற இடத்தில் முழு அளவில் விழுந்திருக்கும். விழாத இடத்தில் வேண்டுமென்றே மறிக்கப்பட்டிருக்கும்.

தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். முதன்மை விளக்கு விழும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள விகிதம், சாதாரண உருவப்படத்தில் 2:1, 3:1 என்று இருக்கும். லோ-கீயில் 8:1 அல்லது அதற்கும் மேல். ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரு மடங்கு; அந்தக் கணக்கில் 8:1 என்பது 3 ஸ்டொப். நம் ஸ்ரூடியோவின் இரட்டை விளக்கில் அது 1:1. 1:1இலிருந்து 8:1க்குப் போக எத்தனை இலட்சம் ரூபாய் சாமான் வாங்க வேண்டும்? ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு விளக்கை அணைத்தால் பாதி வழி வந்துவிடும்.

மீதிப் பாதி, தூரம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பள்ளிக்கூடத்தில் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். ஆளிலிருந்து 1 மீற்றரில் விளக்கு இருக்கிறது, விளக்கிலிருந்து 4 மீற்றரில் சுவர் இருக்கிறது என்று வையுங்கள். சுவரில் விழும் வெளிச்சம் முகத்தில் விழுவதில் 16இல் ஒரு பங்கு. அதாவது 4 ஸ்டொப் குறைவு. வெள்ளைச் சுவரே படத்தில் கரும் சாம்பலாக இறங்கிவிடும். இப்போது விளக்கைத் தள்ளி, ஆளிலிருந்து 3 மீற்றரில் வையுங்கள். சுவர் விளக்கிலிருந்து 6 மீற்றர் ஆகிறது. வித்தியாசம் 4இல் ஒரு பங்குதான், 2 ஸ்டொப்தான். சுவர் தெரியும், சுவரில் தொங்கும் கலண்டரும் தெரியும். ஆகவே கறுப்புப் பின்னணி வேண்டும் என்று கொழும்புக்குப் போய்க் கறுப்புத் திரை வாங்குவதற்கு முன்னால், விளக்கைக் கிட்ட வையுங்கள், ஆளைச் சுவரிலிருந்து விலக்குங்கள்.

விளக்கை எங்கே வைப்பது? முகத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 45 பாகை, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. ஆளிடம் சொல்லுங்கள், "கொஞ்சம் கிறுகி இருங்க" என்று. மூக்கின் நிழல் மெல்ல நகர்ந்து கன்னத்தின் நிழலோடு போய்ச் சேரும். சேர்ந்ததும், இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய முக்கோணம் வெளிச்சமாக மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரை அந்த முக்கோணத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதே ரெம்பிராண்ட் இளம் ஓவியராக ஹொலந்தில் முகங்களைத் தீட்டிக்கொண்டிருந்த 1630களில்தான், 1638இல், அவருடைய நாட்டுக்காரர் இங்கே புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டையை எடுத்துக்கொண்டார்கள், வெளிச்சத்தைத் தரவில்லை!

கண்ணில் ஒரு துளி ஒளி விழுகிறதா என்று பாருங்கள். குழி விழுந்த கண்ணுள்ளவருக்கு விளக்கைச் சற்று இறக்குங்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் எவ்வளவு அழகான நிழலும் வீண்.

இனி நம் ஊர் வெளிச்சத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பில் படம் எடுப்பவருக்கு வெளிச்சம் குறைவில்லை, கூடிப்போனதுதான் கஷ்டம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவி, நடுவில் மணல். மேலேயிருந்து சூரியன், கீழேயிருந்து தண்ணீரும் மணலும். கல்லடிக் கடற்கரையில் நிற்கிற ஆளின் நாடிக்குக் கீழே நிழல் இராது, மணல் அதை நிரப்பிவிடும். வாவிக்கரையில் பின்னேரம் நின்றால், மேற்கே படுவான்கரைப் பக்கம் சாய்கிற வெயில் நேராகவும் வரும், தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்தும் வரும். கண்ணுக்கு மிக அழகு. உருவப்படத்துக்கு நிழல் கிடையாது. ஆகவே லோ-கீ வேண்டுமென்றால் வீட்டுக்குள் போக வேண்டும். அதே பின்னேர வெயிலை ஒரு சன்னல் வழியாக மட்டும் உள்ளே விட வேண்டும்.

அப்படிச் சன்னலைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை இந்த மண் பெற்றிருக்கிறது. மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். நீங்கள் இதற்குள் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். பாலு மகேந்திரா.

பள்ளிச் சுற்றுலாவில் போன இடத்தில், இயக்குநர் டேவிட் லீன் "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். லீன் "மழை" என்று குரல் கொடுத்தார், மழை கொட்டியது. அவரே பேட்டிகளில் சொன்ன கதை. அந்தப் பையன் மறுகா புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய், 1969இல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். 1974இல் மலையாளத்தில் "நெல்லு". 1977இல் கன்னடத்தில் "கோகிலா". கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1982இல் "மூன்றாம் பிறை", அதற்கும் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. இந்தப் பட்டியலை எங்கும் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது வேறு.

அவருடைய படங்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். இந்த முகத்தில் விழுகிற வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு காட்சியிலும் பதில் கிடைக்கும். அந்தச் சன்னலிலிருந்து வருகிறது. திறந்த கதவிலிருந்து வருகிறது. அந்தக் காலத்துப் பல தமிழ்ப் படங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இராது. நடு இரவில், குடிசைக்குள், நாயகியின் முகம் நாலு பக்கமும் பளபளக்கும். எங்கிருந்து? அது சினிமாவுக்கே வெளிச்சம். 1988இல் வந்த "வீடு" படத்தில் நடிகை அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். பூச்சு இல்லை. மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது. அவர் சன்னலை விட்டு நகர்ந்தால் முகம் இருள்கிறது, கிட்ட வந்தால் ஒளிர்கிறது. அந்த நடிப்புக்கு அர்ச்சனாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. நடிகை ஷோபாவிலிருந்து அர்ச்சனா வரை, கறுத்த பெண்களைக் கறுத்த பெண்களாகவே திரையில் நிறுத்திய ஒளிப்பதிவாளர் அவர். அவர் அமிர்தகழிக்காரர் என்று மேடை மேடையாகப் பெருமை பேசுகிறோம். அவர் ஒளியைப் பார்த்த முறையில் பத்தில் ஒரு பங்காவது நம் ஸ்ரூடியோக்களுக்கு வந்து சேர்ந்ததா?

வரவில்லை. காரணம் அந்தப் பவுடர் டப்பா!

சிரிக்கிறீர்கள், ஆனால் இதுதான் இன்றைய பேச்சின் நடுப்புள்ளி. வெளுத்த தோல், விழுந்த வெளிச்சத்தைப் பரவலாகச் சிதறவிட்டுத் தன் வடிவத்தைக் காட்டும். கறுத்த தோல் அப்படிச் சிதறவிடுவது குறைவு. அது தன் வடிவத்தைக் காட்டுவது மினுக்கத்தால். கன்னத்து மேட்டில், மூக்குத் தண்டில், நெற்றியில், தோளில் ஓடுகிற அந்த மினுமினுப்புத்தான் கறுத்த முகத்தின் கோடு. அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கறுத்த முகத்தைவிடச் சிறந்த முகம் லோ-கீக்குக் கிடையாது. நாம் செய்வது என்ன? படம் எடுப்பதற்கு முன்னால் அந்த மினுக்கத்தின் மேல் பவுடரைப் போட்டு அடக்குகிறோம். முகம் சாம்பல் பூக்கிறது. சாம்பலை மறைக்க விளக்கைக் கூட்டுகிறோம். அதுவும் போதாமல், முந்தின காலத்தில் நெகற்றிவ்வில் பென்சிலால் தீட்டி வெளுப்பாக்கினோம், இப்போது கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி வெளுப்பாக்குகிறோம். வாடிக்கையாளர் படத்தை வாங்கிக்கொண்டு போகிறார். அது அவருடைய முகம்தானா?

கறுத்த முகத்துக்கு வெளிச்சத்தின் அளவைக் கூட்டாதீர்கள், பரப்பைக் கூட்டுங்கள். விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டினாலும் போதும். அது கன்னத்தில் நீளமான, மென்மையான மினுக்கமாக விழும். ஆள் சரியாகக் கிறுகியதும் அந்த மினுக்கம் கமராவைப் பார்க்கும். பவுடர் வேண்டாம். வியர்வையை ஒற்றி எடுங்கள், துடைத்து உலர்த்தாதீர்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் நல்லதே, முடியின் ஓரத்தில் அது ஒரு கோடு போட்டுத் தரும்.

இருட்டில் மினுக்கத்தைக் கொண்டு வடிவம் காட்டுவது புதிதா? இல்லை. வட்டக்களரியில் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தில் பந்தத்தின் வெளிச்சத்தில், மறுகா பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில், வடமோடிக் கூத்தின் அரசன் வருகிறான். முடியிலும் உடுப்பிலும் கண்ணாடித் துண்டுகள். இருட்டு பெரிது, வெளிச்சம் சிறிது. அவன் ஆடிச் சுற்றும்போது ஒவ்வொரு துண்டாக ஒளிர்ந்து அணைகிறது. அந்த உடையைச் செய்தவருக்கு ஒளி தெரியும், நிழலும் தெரியும். அதே உடையைப் பகல் மாதிரி வெளிச்சம் போட்ட மேடையில் பார்த்தால் கண்ணாடி வெறும் கண்ணாடியாகத்தான் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது நமக்குக் கிடைத்தவை ஏராளம். போனவற்றில் ஒன்று அந்த வெளிச்சம் என்பது என் எண்ணம். நாடகக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

உருவப்படத்தில் இருட்டுக்கு இடம் கொடுத்தவர்களில் முன்னோடி ஒருவர் இந்தத் தீவின் மண்ணிலேதான் அடக்கமாகியிருக்கிறார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. அவர் கையில் முதல் கமரா வந்தபோது வயது 48, மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. இந்த மண்டபத்தில் "இனி எனக்கென்ன படிப்பு" என்று இருக்கும் அக்காமாரின் கவனத்துக்குச் சொல்கிறேன். 1867இல் விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலை அவர் எடுத்த படம் புகழ் பெற்றது. பழைய டார்க்ரூம்காரர்களுக்குப் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ தெரியும். அந்த உப்பின் குணத்தை 1819இல் கண்டு சொன்னவர் இந்த ஹேர்ஷல்தான். கமரன் அம்மையார் அந்தக் கிழவரைத் தலை முழுகச் சொன்னாராம், நரைமுடி கலைந்து எழும்பி நிற்பதற்காக. உடம்பைக் கறுப்புத் துணியால் மூடினார். வெளிச்சத்தை ஒரு பக்கமாக விட்டார். இருட்டிலிருந்து ஒரு முகமும் ஒளி பிடித்த முடியும் மட்டும் எழுந்து வந்தன. மின்விளக்கு இல்லாத காலம். 1875இல் அவர் இலங்கைக்குக் குடிவந்தார், 1879இல் இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்து மண்ணில் இருக்கிறார். இங்கே தோட்டத்து மக்களையும் படம் எடுத்தார். இன்னொருவர், கொழும்பில் 1944இல் மறைந்த புகைப்படக்காரர் லயனல் வெண்ட், நம்மைப் போன்ற மேனிகளின் மீது ஒளியை எப்படி ஓடவிடலாம் என்று காட்டியவர். அவருடைய படங்களைப் பார்க்காமல் இந்த நாட்டில் யாரும் கமரா தூக்கக் கூடாது என்பேன்.

இனி வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு. மேற்குப் பார்த்த சன்னலுள்ள ஓர் அறை. மற்றச் சன்னல்களை மூடுங்கள், ரியூப் லைற்றை அணையுங்கள். ஆளைச் சன்னலுக்கு 1 மீற்றரில், பக்கவாட்டில் இருத்துங்கள். நம் வீட்டு அறைகள் சிறியவை, சுவருக்கு இளநீலமோ இளம்பச்சையோ அடித்திருப்போம். அந்தச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைக் கெடுக்கும், நிறத்தையும் ஏற்றிவிடும். அதனால் நிழல் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். நிழல் மிகக் கடுமையாகிப் போனால் துணியை எடுத்துவிட்டு ஒரு ரெஜிபோம் பலகையைத் தள்ளி வையுங்கள். கமராவைத் தானியங்கியில் விடாதீர்கள். இருட்டைக் கண்டதும் அது பயந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் வெந்துபோகும். ஃபோன் என்றால் முகத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, அளவைக் கீழே இழுங்கள். கன்னத்தின் மினுக்கத்தில் தோல் தெரிய வேண்டும், வெள்ளைப் புள்ளியாகக் கூடாது. இந்த ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதை நிழல் பார்த்துக்கொள்ளும்.

எல்லாப் படத்தையும் இப்படி எடுக்க வேண்டுமா என்று கேட்டால், கூடாது என்பேன். இந்த மாவட்டத்தில் தாய்மார் வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்தி நின்றிருக்கிறார்கள், நிற்கிறார்கள். அந்தப் படங்களில் பல, நான் இவ்வளவு நேரம் குறை சொன்ன அதே இரட்டை விளக்குப் படங்கள்தான். அடையாள அட்டைக்கு எடுத்தவை, பெரிதாக்கியவை. அங்கே முகத்தின் ஒரு பக்கத்தையும் நிழலுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இரண்டு வகைப் படமும் வேண்டும். ஒன்று இந்த ஆள் யார் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல, மற்றது இவர் எப்படிப்பட்டவர் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல. முதலாவது எல்லோரிடமும் இருக்கிறது. இரண்டாவது எத்தனை வீட்டில் இருக்கிறது?

ஸ்ரூடியோ நடத்தும் அண்ணன்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வழக்கமான படத்தை எடுங்கள், காசை வாங்குங்கள். ஆனால் வயதானவர் ஒருவர் ஸ்டூலில் இருக்கும்போது இன்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றொரு படம் எடுங்கள். "முகம் இருட்டாயிருக்கே" என்று வீட்டார் சொல்லுவார்கள். சொல்லட்டும். வாதாடாமல் கையில் கொடுத்துவிடுங்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்தக் கிழமை வீட்டுக்குப் போய் உங்கள் அம்மம்மாவை அந்த மேற்குச் சன்னலடியில் இருத்துங்கள். வெளுப்பாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். படத்தை ஃபோனுக்குள் விட்டு வைக்காமல் அச்சடியுங்கள். அச்சகத்தில் "திருத்தம் ஒன்றும் வேண்டாம், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் அவர்களுடைய இயந்திரம் நிழலை வெளுப்பாக்கிவிடும். 1978 நவம்பர் 23 சூறாவளி எத்தனை அல்பங்களைக் கொண்டுபோனது, 2004 சுனாமி எத்தனை கொண்டுபோனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதனால் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றதை வாவிக்கு அக்கரையில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.